ஆறாம் கதவு சொல்ல மறுத்த பெயர்

1

இங்கிலாந்தில் எந்தப் பணக்காரனும் ஏழைகளுக்காகத் தரும வீடு கட்டியதில்லை. செத்த பிறகும் தன் பெயரை யாராவது சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும் என்றுதான் கட்டினான். நானூறு வருட வரலாறு இத்துடன் முடிந்தது. எங்கள் ஊர்த் தரும வீடுகளின் வாசல் வளைவில், ஆம்ப்ரோஸ் தர்க்கெட்டல் என்ற கம்பளி வியாபாரியின் பெயர் முழ உயரத்துக்குச் செதுக்கியிருப்பதைப் பார்த்தபோது இந்தக் கதை தோன்றியது.

2

‘மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில்...’ (வேண்டாம். இங்கே மழை ஒரு நிகழ்ச்சியே அல்ல.)

முற்றத்தைச் சுற்றிப் பன்னிரண்டு கதவுகள். எல்லாம் குட்டை, குனியாமல் உள்ளே போக முடியாது.* புகைபோக்கிகள் மட்டும் அநியாய உயரம். தருமம் தெருவுக்குத் தெரிய வேண்டாமா? தினமும் காலை ஒன்பதுக்குப் பன்னிரண்டு பேரும் சிற்றாலயத்தில் எழுந்து நின்று, “வீடு தந்த ஆம்ப்ரோஸ் தர்க்கெட்டலுக்கு நன்றி” என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். மூன்று முறை தவறினால் தரும வீடுகளின் காப்பாளர் வெளியே அனுப்பிவிடுவார். உயிலில் இருக்கிறது.

* வேண்டுமென்றே குட்டையாக வைத்தார்கள் என்பது என் ஊகம். ஆதாரம், என் நெற்றி.

3

ஆறாம் கதவில் இருப்பவர் வினிஃப்ரெட் பாப்ஜாய். எண்பத்தொரு வயது; மீன் கடையில் வேலை பார்த்தவர். இரண்டு முறை தவறிவிட்டார். வராமல் இல்லை, வந்து வேறு பெயரைச் சொல்கிறார். அவர் வீட்டு அடுப்பின் செங்கல் ஒன்றில், சூளையில் சுடுவதற்கு முன்பே யாரோ விரலால் எழுதிய பெயர்: டாபி ஹெக்.

“வீட்டைக் கையால செஞ்சவன் இவன். அந்த ஆளு காசு குடுத்தான், அவ்வளவுதான்.”

“இன்னொரு தடவ சொன்னா காப்பாளர் வெளிய அனுப்பிடுவாரு, வின்னியம்மா.”

“தெரியும்ப்பா. நேத்து வந்து அதைத்தான் சொன்னாரு. சொல்லிட்டு மூணு பிஸ்கட் தின்னாரு.”

“போறதுக்கு வேற இடம் இருக்கா?”

“இல்ல.” தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தார். “நீ என்னமோ எழுதுறியே, அதுல உன் பேர் வருமா?”

“சேச்சே. எனக்கு அந்த ஆசையெல்லாம் கிடையாது.”

“நல்ல புள்ள,” என்றார், காப்பாளரிடம் பேசும் அதே குரலில்.

4

முடிவு அ: டாபி ஹெக் என்கிறார். வெள்ளிக்கிழமை வீடு காலி. (எழுதினேன். அவர் பெட்டியைத் தூக்கும் வரியில் கை ஓடவில்லை.)

முடிவு ஆ: ஆம்ப்ரோஸ் என்கிறார். வீடு தங்குகிறது. அன்றிலிருந்து அடுப்புக்கு முதுகு காட்டியே உட்கார்கிறார்.

முடிவு இ: மற்ற பதினொரு பேரும் ஒரே குரலில் டாபி ஹெக் என்று... (சினிமா. தவிர, அவர்களில் நான்கு பேருக்குக் காது கேட்காது.)

5

காலை ஒன்பது. மணி அடிக்கிறது. ஐந்தாம் கதவு சொல்லி முடித்து உட்கார்ந்துவிட்டது. வின்னியம்மா எழுந்து நிற்கிறார். வாயைத் திறக்கிறார்.

இங்கிருந்து கதை உங்களுக்கு. வாடகை கிடையாது, எந்த முடிவில் வேண்டுமானாலும் குடியிருக்கலாம். சின்னதாக ஒரு நிபந்தனை மட்டும்: ஒவ்வொரு முறை படித்து முடித்ததும் எழுந்து நின்று, “கதை தந்த பார்னபி ஸ்டோக்குக்கு நன்றி” என்று ஒருமுறை சொல்லிவிடவும்.