கவியா தோற்க நினைத்த தேர்தல்

என் தங்கை கவியாவை எம்.எல்.ஏ. ஆக்குவது என்று அப்பா முடிவு செய்தபோது அவளுக்கு ஒன்பது வயது. அவளிடம் யாரும் கேட்கவில்லை. அதற்கு முன்னால் என்னிடமும் யாரும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் முதலில் தலைவராக வேண்டியிருந்தது மூத்தவளான நான்தான்.

அப்பா பெயர் மாதையன். ஒருமுறை வார்டு உறுப்பினர் தேர்தலில் நின்றார். மூன்று ஓட்டு விழுந்தது. சித்தப்பாவையும் சித்தியையும் சேர்த்தால் எங்கள் வீட்டு ஓட்டே நான்கு. அந்த நாலாவது ஓட்டு எங்கே போனது என்று அப்பா இரண்டு வருடம் விசாரித்தார். சித்தப்பா சாமி மேல் சத்தியம் செய்தார். சித்தி கற்பூரத்தை அணைத்துக் காட்டினாள். அம்மா மட்டும் பேச்சு எழும்போதெல்லாம், "சாமை அப்படியே கெடக்குது, பொடைக்கணும்" என்று முறத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவாள்.

தோல்விக்கு அப்பா கடைசியில் ஒரு காரணம் கண்டுபிடித்தார். அவரைச் சின்ன வயதிலிருந்து யாரும் தலைவராக வளர்க்கவில்லை. அவருடைய அப்பா அவரை மாடு மேய்க்க வளர்த்தார். அதனால் மாடு நன்றாக மேய்ந்தது.

"எல்லாம் வளர்ப்புல கீது" என்று சொல்லி என்னிடம் ஆரம்பித்தார். நான் பத்தாம் வகுப்பு படிக்கும்போது சுதந்திர தின விழாவில் என்னை மேடையில் ஏற்றினார். நாற்பது வரி மனப்பாடம் செய்திருந்தேன். மைக்கைப் பிடித்ததும் விக்கல் வந்தது. ஒரே ஒரு விக்கல்தான். ஆனால் நாலு குழாய் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். அது எதிர்மலையில் போய் மோதித் திரும்பி வந்தது. நான் மேடையை விட்டு இறங்கி நேராக வீட்டுக்கு நடந்தேன். மறுநாள் பள்ளிக்குப் போகவில்லை. அடுத்த வாரமும் போகவில்லை. இப்போது மூன்று வருடம் ஆகிறது.

எங்கள் ஊர் உண்டு உறைவிடப் பள்ளியில் அம்மா சமையல் வேலை செய்கிறாள். நான் அவளுக்கு உதவி. சமையலறையில் ஒரு ஜன்னல் உண்டு. அதன் வழியாகப் பிள்ளைகளுக்கு என் கையும் கரண்டியும்தான் தெரியும். எனக்கு அது போதும்.

அப்பா என்னிடம் விட்டதையெல்லாம் கவியாவிடம் பிடித்தார். தினமும் நாலு மணியிலிருந்து ஆறு மணி வரை பயிற்சி. மொபெட்டில் பலாப்பழ மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டே போக வேண்டும். இரண்டு முறை விழுந்தாள். விழுந்தபோதும் சிரிக்க வேண்டும் என்பது பாடம். ஊரில் சாவு விழுந்தால் போய் இருபது நிமிடம் உட்கார வேண்டும். போனதும் எழுந்தால் திமிர் என்பார்கள், அதற்கு மேல் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறாள் என்பார்கள். வீட்டில் யாருக்காவது அவளிடம் வேலை ஆக வேண்டுமென்றால் மனு எழுதித் தர வேண்டும். அம்மா ஒரே ஒரு மனு கொடுத்தாள். "தண்ணி எடுத்துட்டு வா, இல்லனா சோறு கெடையாது" என்று எழுதியிருந்தது. உடனே பரிசீலிக்கப்பட்டது.

பெரிய பாடம் விளிப்பது. மேடையில் இருக்கிற ஒருவர் பெயர் விட்டுப்போனாலும் அவர் அடுத்த தேர்தல் வரைக்கும் மறக்க மாட்டார் என்பார் அப்பா. ஆடுகளை வரிசையாகக் கட்டி, ஒவ்வொன்றுக்கும் பெயரும் பதவியும் கொடுத்து, "அவர்களே, அவர்களே" என்று கவியா சொல்லிப் பழகினாள். கிடாவுக்கு ஒன்றியச் செயலாளர் பதவி.

இதெல்லாம் கவியாவுக்குப் பெரிய தொல்லையாகத் தெரியவில்லை, எட்டாம் வகுப்பில் கபடி வரும் வரைக்கும். விளையாட்டு ஆசிரியர் விஜயராஜ் சார் அவள் ஓடுவதைப் பார்த்துவிட்டு, "இந்தப் பொண்ணு கால்ல இன்னா ஸ்ப்ரிங் கீதா?" என்று கேட்டார். அணியில் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார். ஆனால் பயிற்சி சாயங்காலம் நாலிலிருந்து ஆறு.

கவியா அன்றே அப்பாவிடம் கேட்டாள். "கபடி ஆடி யாரு எம்.எல்.ஏ. ஆயிருக்காங்க, சொல்லு" என்றார் அவர். அவளுக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை. அப்போதுதான் பள்ளியில் மாணவர் தலைவர் தேர்தல் வந்தது.

"இதுல நான் தோத்துட்டா?" என்றாள் கவியா.

"தோக்க மாட்ட."

"தோத்துட்டா பயிற்சிய வுட்டுட்டு கபடிக்கு அனுப்பணும்."

அப்பா யோசித்தார். "வேணும்னே தோத்தா செல்லாது. ஒழுங்கா பேசணும், ஒழுங்கா ஓட்டு கேக்கணும்."

"சரி. எழுதிக் குடு."

எழுதிக் கொடுத்தார். என்னைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன்.

எதிரே நின்றவள் தேவயானி, பத்தாம் வகுப்பு. நன்றாகப் படிப்பாள், நன்றாகப் பேசுவாள். ஒன்பதும் பத்தும் முழுக்க அவள் பக்கம். கவியா நிம்மதியாக இருந்தாள். ஆனாலும் பயம் விடவில்லை. பேசுவதற்கு ஆளுக்கு மூன்று நிமிடம் என்று ரேணுகாதேவி டீச்சர் அறிவித்ததும் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. வாக்குறுதி எதுவும் கொடுக்காமல் விளிப்பதிலேயே மூன்று நிமிடத்தையும் தீர்த்துவிடலாம். அப்பா சொல்லிக் கொடுத்தபடிதான் பேசியது மாதிரியும் இருக்கும்.

நான் ஜன்னலிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். தலைமையாசிரியர் அவர்களே, ஆசிரியர் பெருமக்களே என்று ஆரம்பித்தாள். மணி அடிக்கும் அண்ணன் அவர்களே என்றாள். "காலையில் உப்புமாவும் மதியம் சாம்பாரும் தந்து நம்மைக் காக்கும் அம்மா முனியம்மா அவர்களே" என்றதும் அம்மா கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். பிறகு ஆறாம் வகுப்புக்கு வந்தாள். "முதல் வரிசையில் மூக்கு நோண்டிக்கொண்டு அமர்ந்திருக்கும் அன்புத் தம்பி ராஜ்குமார் அவர்களே. நேற்று பல் விழுந்த பிரியதர்ஷினி அவர்களே." ஒருவர் விடாமல் சொல்லிக்கொண்டே போனாள். ஏழாம் வகுப்பு பாதியில் டீச்சர் மணி அடித்துவிட்டார். வணக்கம் சொல்லி இறங்கிவிட்டாள்.

அன்று சாயங்காலம் கவியா என்னோடு சமையலறையில் இருந்தபோது ராஜ்குமார் தலைமையில் பன்னிரண்டு பேர் ஜன்னலுக்கு வந்தார்கள்.

"கவியாக்கா, என் பேரு மைக்ல வந்திச்சி."

"அதுக்கு இன்னா இப்ப?"

"எங்க வூட்ல கூட என் பேர இவ்ளோ சத்தமா சொன்னதில்ல. என் ஓட்டு உனக்குத்தான்."

"எனக்குப் போடாதடா."

"இன்னா பணிவு பாரு" என்றாள் பல் விழுந்தவள்.

ஏழாம் வகுப்பில் பெயர் வராத பாதிப் பேர், அடுத்த கூட்டத்தில் தங்கள் பெயர் வருமா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். கவியா என்னிடம் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

"நான் ஒண்ணுமே பேசலியேக்கா. அவங்க பேரத்தான் அவங்களுக்கே சொன்னேன்."

எத்தனை பேர் அவள் பக்கம் வருவார்கள் என்று எங்களுக்குத் தெரியவில்லை. ஜெயித்துவிடுவாள் என்று இருவரும் நம்பிவிட்டோம். அந்தப் பயத்தில்தான் புளியங்கொட்டை யோசனை வந்தது.

போன வருடம் ஓட்டுச் சீட்டு கொடுத்தபோது பிள்ளைகள் அதில் மீசை வரைந்தும் கணக்குப் போட்டுப் பார்த்தும் பாழாக்கிவிட்டார்கள். அதனால் இந்த வருடம் ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை, போய் டப்பாவில் போட வேண்டியதுதான் என்றார் டீச்சர். பலாப்பழம் வரைந்த டப்பா கவியாவுக்கு, குடை வரைந்தது தேவயானிக்கு. புளி உலுக்கி முடிந்த சமயம், எங்கள் சமையலறையில் கொட்டை மூட்டையாகவே கிடந்தது. இரண்டு பை நிறையக் கொண்டுவரச் சொன்னார். ஒரு மேசையில் ஆறு, ஏழு, எட்டு. இன்னொன்றில் ஒன்பது, பத்து.

"அக்கா, ஆறாம் கிளாஸ் பசங்க கையில வறுத்த கொட்டையக் குடுத்தா அது டப்பா வரைக்கும் போவுமா?" என்று கேட்டாள் கவியா.

போகாது. எங்கள் மலையில் வறுத்த புளியங்கொட்டை கையில் இருந்தால் பத்தடி நடப்பதற்குள் வாய்க்குள் இருக்கும். அப்பா இவளைச் சரியாகத்தான் வளர்த்திருக்கிறார் என்று எனக்கு அப்போது தோன்றியது.

தேர்தல் அன்று காலையில் ஒரு பைக் கொட்டையை உப்புத் தண்ணீர் தெளித்து, தோல் வெடிக்காமல் பதமாக வறுத்தேன். பார்க்க இரண்டும் ஒன்றுதான். வாசனைதான் வேறு. வறுத்தது வலது கையில், பச்சை இடது கையில். வறுக்காத பை பெரியவர்களுக்கு. இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு சமையலறை வாசலைத் தாண்டினேன்.

டீச்சர் என்னைப் பார்த்துவிட்டு, "வாம்மா. எந்தப் பை எந்த மேசைக்கு?" என்று சத்தமாகக் கேட்டார்.

நூற்று முப்பத்தாறு பிள்ளைகளும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். எனக்கு விக்கல் வந்தது. வாயைப் பொத்தத் தூக்கியது எந்தக் கை, நீட்டியது எந்தக் கை என்று தெரியாது. டீச்சர் ஏதோ புரிந்துகொண்டு பைகளை வாங்கிக்கொண்டார். நான் ஓடி வந்து சோற்றுக் குண்டானுக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் பெரியவர்கள் வரிசையிலிருந்து கடக் கடக் என்று சத்தம் வந்தது.

"இன்னா அங்க சத்தம்?" என்றார் டீச்சர்.

"ஒண்ணுமில்ல டீச்சர்" என்றான் பத்தாம் வகுப்பு அன்பரசன், வாயைத் திறக்காமல். பிறகு பக்கத்தில் இருந்தவனிடம், "ஓட்டுப் போட்டா இன்னா கெடைக்கும்? இது சூடா கீது" என்றான்.

அரை மணி நேரத்தில் எண்ணி முடித்தார்கள். கவியா ஐம்பத்தாறு. தேவயானி முப்பத்து மூன்று. தின்னப்பட்டது நாற்பத்தேழு.

நாங்கள் எதுவுமே செய்யாமல் இருந்திருந்தால் நன்றாகத் தோற்றிருப்போம்.

தேவயானி எழுந்து மறுபடி எண்ண வேண்டும் என்றாள்.

"எங்க போயி எண்றது?" என்றார் டீச்சர். "டப்பாவுல கீறதுதான் ஓட்டு. முதல்ல நீ சொல்லு, உன் ஓட்டு எங்க?"

தேவயானி வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். அவள் கன்னம் ஒரு பக்கம் உப்பியிருந்தது.

செய்தி கேட்டு அப்பா சாமந்தி மாலையோடு ஓடி வந்தார். கவியா தேம்பித் தேம்பி அழுதாள். "ஆனந்தக் கண்ணீர்" என்று அப்பா பார்த்தவர்களிடமெல்லாம் விளக்கினார்.

மறுநாள் நாங்கள் இருவரும் தேவயானியிடம் போய் உண்மையைச் சொன்னோம். சொன்னது கவியா, நான் பக்கத்தில் நின்றேன்.

"வறுத்தது மிச்சம் கீதா?" என்றாள் தேவயானி.

ஒரு கிண்ணம் நிறையக் கொடுத்தோம். தின்று முடித்ததும் பேச்சு சுலபமாக நடந்தது. காலை வழிபாட்டில் பேசுவது, டீச்சர்களைப் பார்ப்பது, உறுதிமொழி வாசிப்பது எல்லாம் இரண்டாவதாக வந்து துணைத் தலைவரான தேவயானிக்கு. மீதி கவியாவுக்கு. மீதி என்று பார்த்தால் ஒன்றும் இல்லை. இரண்டு பேருக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

இனி அப்பாதான் பாக்கி. ஒப்பந்தப்படி தோற்றால்தான் கபடி. கவியா என்னிடம் ஒரு ராஜினாமா கடிதம் எழுதித் தரச் சொன்னாள். இரண்டு பக்கம் எழுதினேன். போன கோடையில் ராஜினாமா பற்றி அப்பா அவளுக்குத் தனியாக ஒரு வாரம் வகுப்பு எடுத்திருந்தார். கடிதத்தைக் கொடுத்துவிடக் கூடாது, கையில் வைத்துக்கொண்டே பேச வேண்டும் என்பதுதான் அதன் சாரம்.

அப்பா சாப்பிட உட்கார்ந்தபோது கவியா கடிதத்தின் ஒரு மூலையை மட்டும் வெளியே இழுத்துக் காட்டினாள்.

"இன்னாடி அது?"

"ராஜினாமா."

அப்பா பிசைந்த களியை அப்படியே வைத்தார். "உனக்கு இன்னா வேணும், சொல்லு."

"சாயங்காலம்."

"திங்கள், புதன் எடுத்துக்க."

"அஞ்சு நாளும்."

"அதெப்படி? ஒரு தலைவருக்கு…"

"அதான் கேக்குதில்ல, குடுத்துட்டு சாப்புடு" என்றாள் அம்மா அடுப்பிலிருந்து.

"நீ எந்தக் கட்சி?"

"சோறு போடற கட்சி."

அப்பா இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு இறங்கி வந்தார். பயிற்சி காலையில் அரை மணி நேரம், சாயங்காலம் கபடி. கவியா கடிதத்தைக் கொடுத்தாள். அவர் கையைக் கழுவிவிட்டு அதை இரண்டு முறை படித்தார். கண் கலங்கிவிட்டது.

"இத எழுதனது நீயா?" என்று என்னைக் கேட்டார். "இவ்ளோ தெரிஞ்சவ அன்னிக்கி ஏன் பேசல?"

"எழுதறப்ப யாரும் பாக்கறதில்லப்பா" என்றேன்.

அவர் என் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார்.

திங்கட்கிழமை நாலு மணிக்கு கவியா மைதானத்தில் இறங்கினாள். அப்பாவும் வந்து கோட்டுக்கு வெளியே ஒரு கல்லில் உட்கார்ந்தார். அவள் மூச்சுப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் பாய்ந்தாள். மூன்று பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பினாள். அப்பா எழுந்து நின்றுவிட்டார். ஆட்டம் நின்றதும் விஜயராஜ் சாரிடம் மெல்லப் போனார்.

"சார், ஒரு அணிக்கு எத்தினி பேருங்க?"

"ஆடறது ஏழு. மாத்து ஆளு அஞ்சு."

"எல்லாரும் வேற வேற ஊருங்களா?"

"ஆமாங்க. பன்னெண்டு ஊரு."

"பன்னெண்டு ஊரு" என்று அப்பா தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு கல்லில் போய் உட்கார்ந்து, ஒவ்வொரு பிள்ளையாகப் பார்த்து, எது எந்த ஊர் என்று விசாரிக்க ஆரம்பித்தார்.