சசிதரன் கூப்பிட்ட பாஸ்

சசிதரன் முதன்முதலில் என்னிடம் "பாஸ், ஒரு டீ" என்று கேட்டபோது கரண்டியோடு எழுந்துவிட்டேன். ஐம்பது வயதுப் பொம்பளையைப் பார்த்துப் பேசுகிற பேச்சா அது? "என்னையப் பாத்தா ஆம்பள மாதிரி இருக்கா ஒனக்கு?" என்றேன். அவன் அசரவில்லை. "இந்தக் கடைக்கு நீங்கதானுங்களே பாஸ்?" என்று சிரித்தான். இசக்கியம்மா என்று எனக்கு ஒரு பெயர் இருப்பதே அவனுக்குக் கடைசிவரை தேவைப்படவில்லை.

யார் பெயருமே அவன் வாயில் வராது. பஸ் கண்டக்டர் பாஸ். ரேஷன் கடைக்காரர் பாஸ். என் கடை வாசலில் படுத்துக் கிடக்கும் சொறிநாயும் பாஸ்தான். மாரியம்மன் கோயிலில் சூடம் காட்டும்போது "பாஸ், பாத்துக்கங்க" என்று கன்னத்தில் போட்டுக்கொள்வான். எஸ்டேட் மேனேஜரை எதிரில் மரியாதையாக பாஸ் என்பான்; அவர் ஜீப் வளைவு திரும்பியதும் அதையே மூக்கால் சொல்லிக் காட்டுவான், நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். "பாஸ் வந்திருக்காரு" என்று தாழ்ந்த குரலில் சொன்னால் யானை இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். அன்று ஒருவரும் ஓடைப் பக்கம் தலைகாட்ட மாட்டோம். குரலை வைத்தே எது எந்த பாஸ் என்று எங்களுக்குத் தெரியும். ஒருநாளும் யாருக்கும் குழப்பம் வந்ததில்லை.

ஏனப்பா இப்படி என்று ஒருமுறை கேட்டேன். "தொரைன்னாலும் மொதலாளின்னாலும், தலைவரேன்னாலும் மச்சின்னாலும், எதிர்ல நிக்கிறவன் நமக்கு மேலயா கீழயான்னு மொதல்ல பாக்கணுங்க. இதுல அந்த ரோதன இல்ல" என்றான். சிலோனிலிருந்து அப்பாவின் தோளில் உட்கார்ந்து வந்தவன் அவன். இங்கே பிறந்த நாங்கள் அவனைச் சிலோன்காரன் என்றுதான் கூப்பிட்டோம்.

பெண்டாட்டி ரஞ்சனிக்கு மட்டும் ஒரு தனி பாஸ். வேலை முடிந்து வந்து எஸ்டேட் ஆட்களின் லைன் வீட்டுப் படியில் உட்கார்ந்து, சொல்லின் வாலை இழுத்து மெல்ல "பாஸூ..." என்பான். "இந்தா வர்றேன்" என்று உள்ளேயிருந்து சத்தம் வரும். பின்னாலேயே தண்ணீர்ச் செம்போடு அவள் வருவாள். அவர்கள் லைனுக்கு நேர் எதிரே என் கடை. அதைக் கேட்டால்தான் எனக்குப் பொழுது சாய்ந்த மாதிரி இருக்கும்.

பிறகு தேயிலை விலை விழுந்தது. எஸ்டேட்டில் வாரத்துக்குப் பாதி நாள்தான் வேலை என்றார்கள். மேனேஜர் லீவில் போனார், திரும்பி வரவே இல்லை. ஃபேக்டரியைப் பூட்டிவிட்டார்கள். கவாத்து வெட்ட ஆளில்லாமல் இடுப்பளவு நின்ற செடியெல்லாம் தலைக்கு மேல் மரமாக வளர்ந்து, பக்கத்து வரிசையில் நிற்பவன் முகம்கூடத் தெரியாமல் போயிற்று. வயிறு கேட்குமா? அந்தக் காட்டுக்குள் புகுந்துதான் எல்லோரும் கொழுந்து கிள்ளினார்கள், விறகு வெட்டினார்கள்.

மூடுபனிக்கென்று எங்களிடம் ஒரு முறை உண்டு. பனிக்குள் நின்று யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. பனிக்குள்ளிருந்து குரல் வந்தால் முதல் தடவைக்குப் பதில் பேசக் கூடாது, இரண்டாவதுக்கும் கூடாது. மூன்றாவதும் கேட்டால்தான் அது மனுஷக் குரல். மற்றதுக்கு மூன்று தடவை கூப்பிட வராது. படித்தவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். பனிக்குள் நின்று பார்த்தவர்கள் யாரும் சிரித்ததில்லை.

ஆடி மாதத்தில் பனி மூடிய ஒரு மத்தியானம். சில்வர் ஓக் மரத்தில் கிளை வெட்ட ஏறிய சசிதரன் கிளையோடு கீழே விழுந்தான். அவனுடைய கூட்டாளி பாண்டியனும் கூடப் போயிருந்தான். சற்றுத் தள்ளிச் சரிவில் சுள்ளி கட்டிக்கொண்டிருந்தான். பனி விலகிய பிறகுதான் ஆளைக் கண்டெடுத்தார்கள். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. விழுந்த பிறகும் கொஞ்ச நேரம் உயிர் இருந்திருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ரஞ்சனி அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, அவரு ஏதாச்சும் கூப்பிட்டாருங்களா?" என்று பாண்டியனிடம் கேட்டாள்.

"ஒண்ணும் கேக்கலையே தங்கச்சி" என்றான் அவன்.

அதற்குப் பிறகு பாண்டியன் பழைய ஆளாக இல்லை. பனி இறங்கினால் காதை மறைத்துத் துண்டைச் சுற்றிக்கொள்வான். டீயைக் கையில் வைத்துக்கொண்டு தோட்டத்தையே பார்த்துக்கொண்டிருப்பான், டீ ஆறிப் போகும். ஒருநாள், "அக்கா, இப்ப ஏதாச்சும் கேட்டுச்சுங்களா?" என்றான். இல்லை என்றேன். "ரெண்டு தடவ கேக்குதுங்க. மூணாவது வரவே மாட்டேங்குது."

அன்று பனிக்குள் நடந்தது எனக்கு விளங்கிவிட்டது. "அந்தப் புள்ளகிட்ட மட்டும் சொல்லித் தொலச்சிராத" என்றேன்.

ரஞ்சனியை எப்படியாவது இங்கிருந்து கிளப்பிவிட வேண்டும் என்று எனக்கு. ஒரே வாசல்படியைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் இருப்பாள்? என் அக்கா மகள் மகாலட்சுமி திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறாள். அவளிடம் சொல்லி வேலையும் தங்க இடமும் பேசி வைத்தேன். ரஞ்சனியும் சரியென்றாள். அங்கே போனால் நாலு முகத்தைப் பார்ப்பாள், பிழைத்துக்கொள்வாள்.

கிளம்புகிற அன்று மத்தியானம் பெட்டியோடு வந்து கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நல்ல பனி. பஸ் வருகிற நேரம் பார்த்துப் பாண்டியன் வந்தான். அவன் முகத்தைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். அவன் என்னைப் பார்க்கவே இல்லை.

"தங்கச்சி, நான் பொய் சொல்லிட்டேன். அவன் கூப்பிட்டான். ரெண்டு தடவ. மூணாவதுக்காக நின்னேன், வரல. அதனால போகல" என்று தேம்பினான்.

"பாவி!" என்று கத்தினேன். ரஞ்சனி அவன் பக்கம் திரும்பினாள்.

"என்னன்னு கூப்பிட்டாரு?"

"பாஸ்னுதான்."

"அது தெரியுமே. எப்பிடிக் கூப்பிட்டாரு? அதே மாதிரி கூப்பிட்டுக் காட்டுங்கண்ணே."

பாண்டியன் கண்ணை மூடிக்கொண்டான். "பாஸூ..." என்றான்.

அவன் வீடு மேல் லைனில். இவர்கள் வாசலில் பொழுது சாய்கிற நேரத்தில் நடப்பது அவனுக்குத் தெரியவே தெரியாது. அதுவும் அவனுக்குத் தகரக் குரல். என் கடைக்குள் கேட்டது தகரக் குரல் இல்லை. வால் இழுத்து, மெல்ல, சசிதரனே வந்து படியில் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

"இந்தா வர்றேன்" என்றாள் ரஞ்சனி. யோசித்துச் சொன்னதில்லை, வாய் தானாகச் சொன்னது. எழுந்து, மேசை மேலிருந்த தண்ணீர்ச் செம்பையும் எடுத்துவிட்டாள்.

பஸ் வந்து ஹாரன் அடித்தது. அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

"விடுங்கக்கா. என்னையத்தான் கூப்பிட்டிருக்காரு. ஒருத்தரும் பதில் சொல்லாம விட்டுட்டீங்களே" என்றாள். கையை உதறிக்கொண்டு ரோட்டைத் தாண்டித் தோட்டத்தைப் பார்த்து நடந்தாள். நான் பின்னால் ஓடினேன். பஸ் போய்விட்டது.

பாண்டியனுக்கு அன்றோடு சத்தம் நின்றுவிட்டது. நன்றாகத் தூக்கம் வருகிறதாம். மகாலட்சுமி பேசி வைத்த வேலைக்குக் கடைசியில் அவன்தான் போனான். நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவன் தலையிலிருந்ததை இறக்கி அவள் தலையில் வைத்துவிட்டு, கைவீசிக்கொண்டு பஸ் ஏறிவிட்டான்.

ரஞ்சனி போகவில்லை. பனி இறங்கினால் தோட்டத்து ஓரம் வந்து நிற்கிறாள். சாமி சத்தியமாக எனக்கு எந்தக் கூப்பாடும் கேட்பதில்லை. அவள் பதில் மட்டும் கேட்கிறது. "இந்தா வர்றேன்" என்பாள். அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு ஓடுவேன். மறுபடி "இந்தா வர்றேன்" என்பாள். இன்னொரு தடவை சொல்லிவிட்டால் உள்ளே போய்விடுவாள் என்று எனக்குப் பயம். அதற்குள் போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வந்துவிடுகிறேன். நேற்று நான் போய்ச் சேர்ந்தபோது அவள் முதல் வரிசைக்குள் நுழைந்திருந்தாள்.

இன்று காலையிலிருந்தே பனி. கடையைத் திறக்காமல் அவள் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.