ஒரு சிட்டிகை சீனி

குழந்தையின் உதட்டோரம் வழிந்த ஒரு சொட்டுப் பாலை விரலால் எடுத்து நாக்கில் வைத்துப் பார்க்கிறேன், இனிக்கிறது, பவுடர் பாலே இனிக்கும்தான், ஆனால் இது அந்த இனிப்பா, அத்தை எனக்கு முதுகைக் காட்டி நின்று கலக்கியதில் சேர்ந்த இனிப்பா, சீனி டப்பா திறக்கும் சத்தம் கேட்டதா, கேட்டதாக நினைத்தேனா, சங்கரி போனதிலிருந்து கேட்டதும் நினைத்ததும் ஒன்றாகிவிட்டன, தாய்ப்பால் பத்தாத தன் மகள் சங்கரிக்கும் அத்தை இப்படித்தான் கலக்கியிருப்பாள், பொருட்காட்சியில் கொழுகொழு குழந்தைப் போட்டி, முதல் பரிசு எவர்சில்வர் தூக்குச்சட்டி, கல்யாணமான புதிதில் சங்கரி அதைத் தூக்கிக் காட்டுகிறாள், நான் அப்பவே சாம்பியனாக்கும், சிரிக்கிறாள், சிரிக்கச் சிரிக்க வயிறு பெரிதாகிறது, மாசமாக இருக்கையில் சர்க்கரை, பிறகு பிரஷர், பிரசவ அறையில் வலிப்பு, கதவுக்கு வெளியே நான், என் கையில் அவள் வளையல்கள். குழந்தைக்கு ஊசி போடப் போனபோது டாக்டரம்மாவிடம் கேட்டேன், சின்னதில் சீனி போட்டு ஊட்டியது வளர்ந்தபின் நோயாக வருமா, வரலாம் என்றார், கைக்குழந்தையாக இருக்கையில் வேகமாக எடை ஏறினால் வாய்ப்புக் கொஞ்சம் கூடும், ஆனால் ஒருத்தருக்கு இதனால்தான் வந்தது என்று சொல்ல முடியாது, நான் வரலாம் என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அத்தை, இதுல சீனி போட்டீங்களா. ஒரு சிட்டிகைதான் மாப்ள, சப்புன்னு இருந்தா குடிக்கமாட்டேங்கா, பிள்ளை தேற வேண்டாமா. போடக்கூடாதுன்னு சொன்னேம்லா. ஆமா, படிச்சவங்க டப்பாவ வாசிச்சுல்லா பிள்ளை வளக்கீங்க, உங்க பொண்டாட்டிக்கும் இதைத்தான் குடுத்தேன், அவ நல்லாத்தான, அந்த இடத்தில் அத்தையின் வாய் நின்றுவிடுகிறது, சாய்ந்த புட்டியிலிருந்து பால் அவள் சேலையில் சொட்டுகிறது, என்னாலயா மாப்ள, இந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்திருந்தேன், ஆமாம் என்றால் போதும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம், இதனாலதான்னு யாராலயும் சொல்ல முடியாதுன்னுதான் டாக்டர் சொன்னாங்க அத்தை, சொன்னது நான்தானா, பழைய பாலைக் கொட்டிவிட்டு நானே புதிதாகக் கலக்குகிறேன், அவளிடமே நீட்டுகிறேன், கண்ணை மட்டும் எடுக்கவில்லை, குழந்தை குடிக்கிறாள், பாதியிலேயே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள், அத்தையின் விரல்கள் பழக்கத்தில் கன்னத்தை அழுத்தப் போகின்றன, இன்னும் ஒரு வாய்டி ராசாத்தி, அத்தை என்னைப் பார்க்கிறாள், கை அப்படியே நிற்கிறது, பிறகு புட்டியைத் தள்ளி வைத்துவிட்டு, அந்தச் சின்ன உதட்டை முந்தானையால் துடைத்துவிடுகிறது.