படத்தின் கீழே இருந்த பெயர்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளிலிருந்து யார் பெயரில் கடிதம் போனாலும் அது என் கையெழுத்தில்தான் போகும். ஹல்துமுல்லைப் பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்பு வரை படித்தவன் என்பதால் பதினெட்டு வயதிலேயே அந்த வேலை என்னிடம் வந்துவிட்டது. அதற்கு ஒரு முறை வைத்திருந்தேன். சொல்கிறவர் முழுவதையும் சொல்லி முடிக்கும்வரை பேனா மூடியைக் கழற்ற மாட்டேன். எழுதி முடித்ததும் உரக்க வாசித்துக் காட்டுவேன். அவர் தலையாட்டிய பிறகுதான் உறையை ஒட்டுவேன். ஒவ்வொன்றுக்கும் எண், திகதி, யாருக்கு, என்ன விஷயம் என்று ஒற்றைக்கோட்டுக் கொப்பியில் குறித்துக்கொள்வேன். 1979 ஆவணி வரைக்கும் இருநூற்றுப் பதின்மூன்று கடிதங்கள்.

அடுத்து எழுதிய கடிதத்துக்கு நான் எண் போடவில்லை. கொப்பியிலும் குறிக்கவில்லை.

ஹல்துமுல்லைக் கடைத்தெருவில் றஹீம் முதலாளியின் கடைக்குக் கொழும்பிலிருந்து ‘கதைத்தேர்’ வாரம் மூன்று பிரதிகள் வரும். அதில் ‘காற்றுக்குமரன்’ என்ற சித்திரக்கதை தொடராக வந்துகொண்டிருந்தது. அரைமுகமூடியும் வெள்ளிக் கவசமும் போட்டு, மலைக்கு மலை தாவுகிற வீரன். முதலாளியின் மகன் காமில் எங்கள் கூட்டாளி. ஒரு பிரதியை மடிப்புக் கலையாமல் ஞாயிறு மத்தியானம் வரை ஒளித்துவைப்பான். கடைக்குப் பின்னால் அரிசி மூட்டைகளின் மேல் அவன், நான், சின்னராசா, முருகையா என்று நால்வரும் உட்காருவோம். நான் உரக்க வாசிப்பேன். சின்னராசா சண்டைச் சத்தங்களை வாயாலேயே போடுவான். முருகையாவோ படத்தையே பார்த்துக்கொண்டிருப்பான்.

முருகையா இரண்டாம் வகுப்போடு நின்றவன், தமிழும் எழுத வாசிக்க வராது. தேயிலைத் தொழிற்சாலையில் பெட்டிகளுக்கு மார்க் அடிக்கிற வேலை. எழுத்து வெட்டிய தகட்டை வைத்துக் கறுப்பு மையைப் பிரஷால் தடவி, தோட்டத்தின் பெயரை ஆங்கிலத்தில் ஏற்றுவான். அது என்ன எழுத்து என்று அவனுக்குத் தெரியாது. தகடு தொலைந்துபோன ஒரு நாள் முழுவதும் பழைய பெட்டிகளைக் கண்ணால் பார்த்தே அத்தனை எழுத்தையும் வரைந்து அனுப்பினானாம். தொழிற்சாலையை நடத்துகிற பெரிய டீமேக்கருக்கே வித்தியாசம் தெரியவில்லை. அதே பிரஷால், அதே மையால், பெட்டி மூடிகளிலும் கிழிந்த தாள்களிலும் காற்றுக்குமரனைப் போடுவான். கதைத்தேரில் இருப்பதைப் பார்த்துப் போடுவதில்லை. எங்கள் மலையில், எங்கள் தொழிற்சாலைப் புகைக்குழாயின் மேல், காற்றில் சாய்ந்து நிற்பான் அவனுடைய காற்றுக்குமரன்.

ஆவணியில் அறிவிப்பு வந்தது. பதுளையில் கதைத்தேர் வாசகர் பெருவிழா. காற்றுக்குமரனை வரையும் ஓவியரே வருகிறார். கதாபாத்திரங்களைப் போல வேடமிட்டும் வரலாம். வாசகர்கள் வரையும் படங்களில் சிறந்தவை மண்டபத்தில் மாட்டப்படும், முதற்பரிசு உண்டு.

“அனுப்புடா,” என்றான் சின்னராசா. “நம்ம முருகையா போட்டா அந்த ஓவியரு பிரஷை வச்சிட்டு ஊருக்குப் போயிருவாரு.”

முருகையா படத்தை என்னிடம் கொடுத்தான். “நீயே பாத்து எழுதுடா.”

படத்தோடு ஒரு கூப்பனை நிரப்பி அனுப்ப வேண்டும். பெயர், வயது, படிப்பு, முகவரி. நான் முதலில் நிரப்பியது படிப்பு என்ற கட்டத்தை. முருகையாவுக்கு அதில் எழுத ஒன்றும் இல்லை என்று யோசித்துக்கொண்டே ‘க.பொ.த. சாதாரண தரம்’ என்று என்னுடைய பத்தாம் வகுப்பை எழுதினேன். வயதும் என்னுடையதாயிற்று. பிறகு பெயர். ‘ந. நல்லையா, மே/பா றஹீம் ஸ்டோர்ஸ், ஹல்துமுல்லை.’ படிக்காதவன் அனுப்பினால் பார்க்காமலே ஒதுக்கிவிடுவார்கள், படம் வெளியே வந்தால் போதும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அது பொய். என் பெயரை அச்சில் பார்க்க ஆசைப்பட்டேன். இருநூற்றுப் பதின்மூன்று கடிதங்களில் ஒன்றின் கீழும் என் பெயர் இல்லை.

“வாசி,” என்றான் முருகையா வழக்கம் போல.

நான் கூப்பனைப் பார்த்துக்கொண்டே வாசித்தேன். “முருகையா, வயசு இருவது, மே/பா றஹீம் ஸ்டோர்ஸ், ஹல்துமுல்லை.”

அவன் தலையாட்டினான். நான் உறையை ஒட்டினேன்.

விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஹப்புத்தளை ஸ்டேஷனில் காலைக் கோச்சியைப் பிடித்தோம். சின்னராசா காற்றுக்குமரன் வேடத்தில் வந்திருந்தான். தேயிலைப் பெட்டிக்குள் விரிக்கிற ஈயத்தாளை வெட்டிக் கவசம் தைத்துக் கொடுத்திருந்தான் முருகையா. கையை அசைத்தால் சரசரவென்று சத்தம். பண்டாரவளையில் ஏறிய குழந்தைகள் அவனை விட்டு நகரவில்லை.

“டேய், மெதுவா உக்காருடா,” என்றான் காமில். “நீ கிழிஞ்சா மாத்துறதுக்கு வேற தாள் இல்ல.”

“காத்துக்குமரனுக்கு உக்கார நேரம் ஏதுடா? கோச்சி சுத்திப் போற தெமோதரை வளைவுல குதிச்சு முன்னுக்குப் போய் பதுளையில நிக்கிறேன், நீங்க வாங்க.”

முருகையா அன்று சிரித்துக்கொண்டே வந்தான். வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். நகக்கண்ணில் மட்டும் மை போகவில்லை. எல்ல ஸ்டேஷன் தாண்டியதும் என் காதோரம் கேட்டான். “படம் மாட்டியிருப்பாங்களாடா?”

“பாப்போம்,” என்றேன். மாட்டியிருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

மண்டப வாசலில் மேசை போட்டு ஓர் ஆசிரியை பதிவேட்டோடு இருந்தார். றம்ஸியா டீச்சர் என்று எல்லோரும் கூப்பிட்டார்கள். நால்வரின் பெயரையும் நானே எழுதினேன். “எவ்வளவு வடிவான எழுத்து!” என்றார் டீச்சர். நான் சந்தோஷப்பட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

உள்ளே அப்படி ஒரு கூட்டத்தை நாங்கள் கண்டதில்லை. எண்ணிப் பார்த்ததில் பன்னிரண்டு காற்றுக்குமரன்கள். ஒருவனுக்குக் குடைத்துணியில் சால்வை, ஒருவனுக்குப் பிஸ்கட் டின்னில் கவசம். வில்லன் வேடமிட்ட ஒரு பெரியவர் மீசை கழன்று விழாதபடி பிடித்துக்கொண்டே சோடா குடித்தார். பழைய அத்தியாயங்களைப் பற்றி முன்பின் தெரியாதவர்கள் கூடி நின்று சண்டை போட்டார்கள். உலகத்தில் எங்கள் நாலு பேருக்கு மட்டும்தான் இந்தப் பைத்தியம் என்று நினைத்திருந்தோம். சின்னராசா ஈயத்தாள் சரசரக்க நடுவில் போய் நின்றதும் மற்றக் குமரன்கள் சுற்றிவந்து தொட்டுப் பார்த்தார்கள்.

“இது எங்க வாங்கினது?”

“வாங்குறதா? இது தேயிலைக்குப் போடுற சட்டைங்க. அது லண்டனுக்குப் போகுது, நான் பதுளைக்கு வந்திருக்கேன்.”

அப்போது முருகையா என் முழங்கையைப் பிடித்தான். எதிர்ச் சுவரின் நடுவில், மற்றப் படங்களைவிட உயரத்தில், எங்கள் தொழிற்சாலைப் புகைக்குழாய்.

அவன் ஓடவில்லை. மெதுவாக நடந்து போய் அதன் முன் நின்றான். வீட்டில் பார்த்த படத்தைப் புதிதாய்ப் பார்ப்பது போல் பார்த்தான். படத்தின் கீழே ஓர் அட்டைத்துண்டில் அச்சடித்தது போன்ற எழுத்தில் பெயர் எழுதியிருந்தது. காமில் அதை வாசித்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான் அந்தப் பார்வையிலிருந்து முகத்தைத் திருப்பினேன்.

“கீழ என்னாடா எழுதியிருக்கு?” என்றான் முருகையா என்னிடம்.

“ஹல்துமுல்லைன்னு போட்டிருக்கு,” என்றேன்.

போட்டிருந்ததுதான். இரண்டாவது வரியில்.

அவன் அந்த அட்டையை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தான். காமில் வாயைத் திறக்கப் போனான், திறக்கவில்லை. அந்தச் சிரிப்பைக் கெடுக்க அவனுக்கும் மனம் வரவில்லை போலும்.

பேச்சுகள் முடிந்து பரிசு அறிவிக்கும் நேரம் வந்தது. ஒலிபெருக்கியில் கேட்டது. “ஓவியப் போட்டியில் முதற்பரிசு, ஹல்துமுல்லை ந. நல்லையா!”

முருகையா கைதட்ட எடுத்த கைகள் அப்படியே நின்றன. சின்னராசா, “டேய், பேரை மாத்திச் சொல்றாங்கடா, போய்ச் சொல்லு,” என்று என் முதுகில் தள்ளினான். அந்தத் தள்ளலில்தான் நான் மேடைவரை போனேன். போய்ச் சொல்லியிருக்கலாம். நாலு வார்த்தை. ஓவியர் எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நரைத்த தலை, தடித்த கண்ணாடி. ஒரு வர்ணப் பெட்டியை என் கையில் தந்தார்.

“தம்பி, இந்தக் கோட்டை நான் கனநேரம் பாத்தனான். நடுங்காம ஒரே இழுப்பு. என்ன பிரஷ் பாவிக்கிறீர்?”

“பேனாதான் ஐயா,” என்றேன். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். “நிப்பு.”

அவர் கண்ணாடியைத் தூக்கி என்னைப் பார்த்தார். பிறகு மேடையில் நிறுத்தியிருந்த பலகையைக் காட்டினார். அதில் பெரிய வெள்ளைத்தாள் குத்தியிருந்தது. பக்கத்தில் மையும் பிரஷும். “சனத்துக்கு முன்னால ஒரு காற்றுக்குமரன் போட்டுக் காட்டும்.”

கூட்டம் கைதட்டியது. நான் வலது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டேன். “கையில... போன கிழமை கத்தி பட்டிருச்சுங்க ஐயா.”

முன்வரிசையில் றம்ஸியா டீச்சர் இருந்தார். மடியில் பதிவேடு. காலையில் அதே வலது கையால் நான் எழுதிய வடிவான எழுத்து அதற்குள் இருந்தது. அவர் பதிவேட்டைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

“நான் போடுறேங்க,” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

முருகையா வந்துகொண்டிருந்தான். மேடையில் ஏறி என் பக்கம் திரும்பாமலே பலகைக்கு முன்னால் போய் நின்றான்.

“நீர் ஆர் தம்பி?”

“அவரோட கூட்டாளிங்க.”

ஒலிபெருக்கிக்காரர் விடவில்லை. “ஓவியருக்குக் கை சுகமில்லை, அவருடைய மாணவர் வரைகிறார்!” என்று முழங்கினார். இன்னும் பெரிய கைதட்டல். அதைத் திருத்த எனக்கு வாய் இருந்தது. நான் திருத்தவில்லை. பையிலிருந்து கையை எடுக்கவும் இல்லை.

முருகையா பிரஷை மையில் தோய்த்து, பெட்டிக்கு மார்க் அடிக்கும்போது செய்வது போல் புட்டியின் வாயில் இரண்டு தரம் தட்டினான். ஐந்து நிமிடம் கூட ஆகியிருக்காது. கால், சாய்ந்த உடம்பு, பறக்கிற சால்வை, எல்லாம் ஒரே இழுப்பில் வந்தன. ஓவியர் தாளைப் பார்த்தார், சுவரிலிருந்த படத்தைப் பார்த்தார், முருகையாவின் நகத்தைப் பார்த்தார்.

“எங்க வேலை செய்யிறீர்?”

“தோட்டத்துத் தேயிலை ஸ்டோர்லங்க. பெட்டிக்கு மார்க் அடிக்கிறேன்.”

அவர் தன் விலாசம் எழுதிய துண்டை எடுத்தார். பரிசு வாங்கிய எனக்குத் தரவில்லை, முருகையாவிடம் நீட்டினார். “எங்கட அச்சுக்கூடத்தில படம் போட ஒரு ஆள் தேவைப்படுது. மாசம் முடியிறதுக்குள்ள எடுக்க வேணும். அஞ்சு படம் போட்டு அனுப்பும். ஆர் போட்டது எண்டு கடிதத்தில தெளிவா இருக்க வேணும், விளங்குதா?” கடைசியைச் சொல்லும்போது அவர் பார்த்தது என்னை.

பதுளை ஸ்டேஷனில் கோச்சி புறப்பட இன்னும் நேரம் இருந்தது. பெஞ்சில் நால்வரும் உட்கார்ந்தோம். சின்னராசாவின் கவசம் ஒரு தோளில் கிழிந்து தொங்கியது. நான் வர்ணப் பெட்டியை முருகையாவின் மடியில் வைத்தேன். அவன் அதைத் திறக்கவில்லை.

“நல்லையா, அன்னைக்கு வாசிச்சுக் காட்டுனப்ப எம் பேரைத்தானே சொன்ன?”

“ஆமா.”

“தாளுல இருந்துச்சா?”

“இல்ல.”

“இல்லாததை எப்படிடா வாசிச்ச?”

மன்னித்துக்கொள் என்று கடிதங்களில் எத்தனையோ பேருக்காக எழுதியிருக்கிறேன். எனக்காக அந்தச் சொல் வாயில் ஏறவில்லை.

“நீ கேட்டிருந்தா உம் பேரையே போடச் சொல்லியிருப்பேன்டா,” என்றான் அவன். “அந்தப் படத்துக்கு ஒரு பேரு வேணும். அவ்வளவுதானே? ஒன்னும் தெரியாம சுவத்துக்கு முன்னால நிக்க வச்சியே, அதுதான்...” முடிக்காமல் நிறுத்தினான். பிறகு, “தாள் வச்சிருக்கியா?” என்றான்.

என்னிடம் எப்போதும் இருக்கும். எடுத்தேன்.

“இப்பவே எழுது. நான் சொல்றதை மட்டும் எழுது.”

வர்ணப் பெட்டியை என் மடிக்கு எடுத்து அதன் மேல் தாளை விரித்தேன். அவன் சொன்னான்: “ஐயாவுக்கு முருகையா எழுதுறது. சுவத்துல இருந்த படம் நான் போட்டது. எனக்கு எழுதத் தெரியாது, அதனால வேற ஆள் எழுதுறாரு. அவர் பேரு நல்லையா. அஞ்சு படமும் அடுத்த கிழமை வரும்.”

“வேற?” என்றேன்.

“வேற ஒன்னும் இல்ல.”

நான் செய்ததைப் பற்றி ஒரு வரி சொல்லுவான் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் எழுதினேன். முடித்ததும் பழக்கத்தில் தொண்டையைச் செருமிக்கொண்டு, வாசிப்பதற்காகத் தாளை உயர்த்தினேன்.

“குடு,” என்றான் முருகையா.

தாளை என் கையிலிருந்து எடுத்துக் காமிலிடம் நீட்டினான். “நீ வாசி.”

இருநூற்றுப் பதின்மூன்று கடிதங்களில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. காமில் என்னைப் பார்த்துத் தயங்கினான். “மச்சான், அவன் சரியாத்தான் எழுதியிருப்பான்...”

“இருக்கும். நீ வாசி.”

காமில் வாசித்தான். நான் எழுதியது அத்தனையும் சரியாக இருந்தது. முருகையா ஒவ்வொரு சொல்லுக்கும் காமிலின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். என் பெயர் வந்த இடத்திலும் கண் இந்தப் பக்கம் வரவில்லை. வாசித்து முடிந்ததும் தலையாட்டினான்.

“எம் பேரை ஒரு துண்டுல எழுதிக் காட்டு காமில்.”

காமில் டிக்கட்டின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினான். முருகையா அதைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான். பிறகு என் பேனாவை வாங்கி, கடிதத்தின் அடியில் அந்த நாலு எழுத்தையும் ஒவ்வொன்றாய், வளைவு வளைவாய், வரைந்தான். நான் எழுதியதைவிட அது வடிவாக இருந்தது. பேனாவை மூடி என்னிடம் திருப்பித் தந்தான்.

“உறையில விலாசத்தை நீயே எழுது,” என்றான்.

எழுதினேன். ஒட்டுவதற்கு அவன் கையில் கொடுத்தேன்.