படம் வந்தாச்சு

கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் மூன்றாவது மாடியின் திருப்பத்தில் நின்றாள். முழங்கால் போதும் என்றது. மேகம் வா என்றது. மதியம் பெய்த மழை விட்டிருந்தது. இந்த மாதிரி சாயங்காலத்தில்தான் வானம் பெட்டியிலிருக்கும் நல்ல துணிகளை எல்லாம் எடுத்து உதறும் என்று அவள் கணவர் சொல்வார்.

கீழே வீட்டில் அவர் படுத்திருந்தார். காலையில் வந்த மருத்துவர் செருப்பை மாட்டிக்கொண்டே குரலைத் தாழ்த்தி, "இன்னைக்கோ நாளைக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். அதிலிருந்து அவள் கட்டிலை விட்டு நகரவில்லை. அவர்தான் அப்படி இருக்க விடவில்லை.

"ஜன்னல்ல செவுருதான் தெரியுது. மேல போயி வானத்தப் படம் எடுத்துட்டு வா."

"உங்கள விட்டுட்டா?"

"நான் எங்க ஓடப்போறேன்? தங்கச்சி இருக்கால்ல." மூச்சு வாங்கியது. "இந்தத் தடவையாவது டியூப்லைட்ட எடுத்துட்டு வராத."

அவர் கட்டிட வேலையில் கிரேன் ஓட்டியவர். காலையில் ஏணியேறிப் போனால் பொழுது சாயும்வரை கண்ணாடிக் கூண்டில் தனியாக இருப்பார். கூட வேலை செய்பவர்கள் அவரை மாடிவீட்டுக்காரர் என்று கேலி செய்வார்கள். இறங்குவதற்கு முன், மூலை உடைந்த போனில் அந்தியைப் படமெடுத்து அவளுக்கு அனுப்புவார். கூட ஒரு எழுத்து இருக்காது. படம் வந்தால் மனிதர் இறங்க ஆரம்பித்துவிட்டார் என்று அர்த்தம். அவள் தேநீருக்குத் தண்ணீர் வைப்பாள். காற்று பலமாக அடித்துப் படம் தாமதமான நாட்களில் அவள் போனைக் கையில் பிடித்தபடி வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்தது அவருக்குத் தெரியாது.

படுக்கையில் விழுந்த பிறகு வேலை தலைகீழானது. அவள் எடுத்தாள், அவர் பார்த்தார். அவள் படத்தில் சூரியன் வெறும் வெள்ளைப் பொட்டு, வானம் கழுவி வைத்த தட்டு.

"திரையில வெளிச்சத்தத் தொடு. அப்படியே வெரலக் கீழ இழு. இருட்டானாத்தான் நெறம் வெளிய வரும்" என்று எத்தனையோ தரம் சொல்லிவிட்டார். கைக்குத் தெரியாமலில்லை. வானத்தை இருட்டாக்க அவளுக்கு மனம் வரவில்லை.

மொட்டைமாடிக் கதவைத் தள்ளினாள். கொடியில் யாரோ எடுக்க மறந்த துணிகள் எல்லாம் ஒரே நிறமாகியிருந்தன. தேங்கிய மழைநீரில் இன்னொரு வானம் கிடந்தது. எங்கே கால் வைப்பது என்று தெரியாமல் ஒரு கணம் தயங்கினாள். கூரைகளுக்கு அப்பால் ஒரு கிரேன் காற்றுக்கு மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. உள்ளே அவர் உட்கார்ந்திருப்பதாகவே நினைத்துக்கொண்டாள். அப்படி நினைக்க நன்றாக இருந்தது.

போனை உயர்த்தினாள். வழக்கம்போல எல்லாம் வெளுத்தது. வெளிச்சத்தைத் தொட்டாள். விரல் அங்கேயே நின்றது. பிறகு கீழே இழுத்தாள். கூரைகள் அணைந்தன, கொடி அணைந்தது. மேகத்தின் மடிப்புகளிலிருந்து சிவப்பும் ஊதாவும் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. இத்தனை நாளும் அவை அங்கேதான் இருந்திருக்கின்றன.

எடுத்தாள். இந்த முழங்காலை வைத்துக்கொண்டு இறங்குவதற்குள் நேரமாகிவிடும், அதற்குள் பார்க்கட்டும் என்று அங்கிருந்தே அவருக்கு அனுப்பினாள். பிறகு, பரிசு வாங்கிய பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி படியிறங்கினாள். சந்தோஷமாக இருந்தது. அதற்காகப் பிற்பாடு அவள் வெட்கப்படவில்லை.

வாசலில் நாத்தனார் நின்றாள். முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"இப்பத்தான் அண்ணி."

அவள் ஒரு செருப்பைக் கழற்றினாள். பிறகு மற்றதை.

"போன் சத்தம் கேட்டுக் கண்ணத் தொறந்தாரு. எடுத்து மொகத்துக்கு நேரா புடிச்சேன்."

"பாத்தாரா?"

"ரொம்ப நேரம் பாத்தாரு. 'நெறம் வந்துடுச்சு'ன்னாரு. அவ்ளோதான்."

உள்ளே அவருடைய போன் நெஞ்சின்மேல் கிடந்தது. திரை மங்கியது. தொட்டாள், அந்தி திரும்ப வந்தது. அவர் கையில் இன்னும் சூடு இருந்தது. ஓவென்று அழ வேண்டும் போலிருந்தது. அழுகை படியில் எங்கோ பின்தங்கிவிட்டது.

சிறிது நேரம் கழித்து எழுந்து சமையலறைக்குப் போனாள். பாத்திரத்தில் தண்ணீர் பிடித்தாள்.

நாத்தனார் பின்னாலேயே வந்தாள். "யாருக்கு அண்ணி?"

"படம் வந்தாச்சுல்ல" என்றாள் அவள்.

அடுப்பைத் திருகினாள். நீலச் சுடர் வட்டமாகப் பற்றிக்கொண்டது.