நெல் மூட்டைக்குள் ஒரு கசட்

இந்தக் காலத்துச் சனத்துக்குச் செத்த வீட்டில் அழ நேரமில்லை, போன் பிடிக்கத்தான் நேரம் என்று பொருமிக்கொண்டே நல்லரத்தினம் அறை மூலையில் கிடந்த நெல் மூட்டையின் கட்டை அவிழ்த்தார். முன்னறையில் பெட்டிக்குள் அவருடைய மனைவி இலட்சுமிப்பிள்ளை கிடந்தாள். கனடாவிலிருக்கிற அவளுடைய தங்கைக்குக் காட்டவென்று ஒருவன் அவள் முகத்துக்கு மேலே போனை நீட்டிக்கொண்டு நின்றான்.

தோள்வரை கையை விட்டுத் துழாவிக் கசட்டை எடுத்தார்.

மூத்தவள் மலர் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் அனுப்பியது. தாய்க்கு எழுத்துத் தெரியாது. அதனால் கடிதத்தைப் பேசியே அனுப்புவாள். ஆறு கசட் வந்தது. பிறகு அவளே பெட்டியில் வந்தாள், திறக்க விடவில்லை. இழப்பீடு எடுத்துத் தருகிறேன் என்று வந்த ஒருவன், சாட்சிக்குக் கொப்பி பதிந்துவிட்டுத் திருப்பித் தருவதாக ஐந்து கசட்டைக் கொண்டுபோனான். போனவன் போனவன்தான்.

போன மாதம் இளையவள் பிரஷாந்தி பழைய பிளேயர் ஒன்றும் வயரும் கொண்டுவந்து, மிஞ்சியதைக் கொம்பியூட்டரில் ஏற்றுவோம் என்றாள். நாடா அறுந்துவிடும் என்ற பயத்தில் இருபது வருடமாக அதை யாரும் போட்டதில்லை. ஏற்றிவிட்டால் அம்மா நினைத்த நேரம் கேட்கலாம். நல்லரத்தினம் அந்த வயரைப் பார்த்தார். மோட்டர் பூட்டி இறைத்த குழியில் தண்ணீர் மிஞ்சுமா? வயரால் இழுத்த கசட்டில் குரல் மிஞ்சுமா? மகள் தேநீர் குடித்து முடிப்பதற்குள் கசட் நெல்லுக்குள் போய்விட்டது. காணவில்லை என்றார்.

கடைசி மூன்று நாளும் இலட்சுமிப்பிள்ளை சோறு கேட்கவில்லை.

"புள்ளட குரல ஒருக்காக் கேக்கணும். நல்லாத் தேடிப் பாருங்க."

தேடுகிறேன் என்று சொல்லி மாட்டுக்குப் பக்கத்தில் போய்க் குந்தியிருந்தார். இன்று விடியலோடு அவள் கேட்பது நின்றது.

அவர் கொண்டுவந்து நீட்டிய கசட்டைப் பிரஷாந்தி பார்த்தாள். அதில் ஒட்டியிருந்த உமியையும் பார்த்தாள். வயரைப் பூட்டினாள். நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சணம். முதலில் இரைச்சல். பிறகு:

"அம்மா, மலர் கதைக்கன். இஞ்சயும் மீன் இரிக்கி, நம்மட ஆத்து மீன்ட ருசி இல்ல. அப்பாக்கிட்டச் சொல்லுங்க..."

நாடா சிக்கி அறுந்தது.

அந்த நாளில் கசட் போடும்போதெல்லாம் அவர் வட்டையில் வயலோடு நிற்பார். மகள் சொன்னதை இலட்சுமிப்பிள்ளைதான் பின்னேரம் வந்து சொல்லுவாள். இதில் என்ன சொல்லியிருந்தாள்? எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

பிரஷாந்தி கொம்பியூட்டரைத் தூக்கிக்கொண்டுபோய்த் தாயின் காதருகே வைத்து, அறுவதற்குமுன் ஏறிய அளவைப் போட்டாள். சுற்றியிருந்த பெண்களின் அழுகை நின்றது.

நல்லரத்தினம் தொங்கிய நாடாவைச் சுண்டுவிரலால் சுற்றிக் கசட்டுக்குள் அடக்கினார். பிறகு அதைப் பெட்டிக்குள், மனைவியின் கையடியில் செருகினார்.

"அப்பா, ஒட்டினா மிச்சத்தையும் எடுக்கலாம். எடுத்தாலும் அதுக்குள்ள குரல் குறையாது. ரெண்டுலயும் இரிக்கும்."

"நீ எடுத்தது உனக்கு. மிச்சம் அவளுக்கு."

"அது உங்களுக்குச் சொன்னது அப்பா."

போன்காரன் கனடாவுக்காக இன்னொருதரம் போடச் சொன்னான். 'அப்பாக்கிட்டச் சொல்லுங்க' என்பது வாசல் படலைவரை கேட்டது. நல்லரத்தினம் கையில் ஒட்டியிருந்த உமியைத் தட்டிக்கொண்டே ஆற்றுப் பக்கம் நடந்தார்.