நடுத்திட்டில் மூவர்

அமரர் ஊர்தியின் பின்கதவைத் திறந்துவைத்துவிட்டு ஓட்டுநர் மறுபடியும் வாசலில் வந்து நின்றார். எடுக்கலாமா என்று அவர் வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்காமல் நிற்பதுதான் கேட்பதைவிடக் கொடுமையாக இருந்தது.

“அப்பாவோட சிநேகிதங்க மூணு பேரும் இன்னும் வரலையேடா,” என்றாள் அக்கா. அழுது அழுது அவள் குரல் கட்டியிருந்தது. “அவங்க முகம் பாக்காம எப்படி எடுக்கிறது?”

ராத்திரியெல்லாம் ஆஸ்பத்திரியில் அப்பா பக்கத்தில் கண்விழித்திருந்த தம்பிக்கு, உட்கார்ந்தால் எழவே முடியாது போலிருந்தது. அவர்களுக்குக் காலையிலேயே தகவல் சொல்லியாயிற்று. உடனே கிளம்புவதாகத்தான் சொன்னார்கள். சாலைக்கு எதிர்ப்பக்கம், கூப்பிடு தூரம். பார்த்துவிட்டு வருகிறேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைக்குப் போனான்.

மூவரும் பெரிய சாலையின் நடுத்திட்டில் நின்றுகொண்டிருந்தார்கள். நடப்பவர்களுக்கான பச்சை விளக்கு வந்தது. ஒருவர் காலைக் கீழே வைத்தார். கைத்தடிக்காரர் இறங்குவதற்குள் விளக்கு மாறிவிட்டது. வைத்த கால் திரும்ப மேலே போயிற்று.

அந்த விளக்குக்கு நேரம் வைத்தவன் அவன்தான். நகராட்சியில் சிக்னல் பிரிவு அவன் பொறுப்பு. சாலையை அகலப்படுத்தியபோது நடந்து பார்த்துத்தான் அளந்தார்கள். நடந்தது அவனும் அலுவலகத்து இளவட்டங்களும். அப்பா கேட்கத்தான் செய்தார், இன்னும் கொஞ்சம் கூட்டி விடேன்டா என்று. வண்டிகள் தேங்கிவிடும், பார்க்கலாம் என்றான். அவர் நச்சரிக்கவில்லை. கழுதை கெட்டால் குட்டிச்சுவர், கிழவன் கெட்டால் நடுத்திட்டு என்று சிரித்துவிட்டு, நண்பர்களை இந்தப் பக்கத்துப் பூங்காவுக்கு அழைத்துவர எதிர்ப்பக்கம் போய்விடுவார். அவனும் கூடச் சிரித்திருக்கிறான்.

வண்டிகளுக்கு நடுவே புகுந்து திட்டில் ஏறினான்.

“எவ்ளோ நேரமா நிக்கிறீங்க மாமா?”

“யாரு பாத்தா,” என்றார் கைத்தடிக்காரர். “தினமும் உங்கப்பா முன்னால இறங்கி, கைய நீட்டி வண்டிய நிறுத்துவார். நாங்க பின்னாலயே வந்துடுவோம். இன்னிக்கு எங்களுக்குத் தைரியம் வரல தம்பி.”

பிறகு அவரே, ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னார்:

“உன்மேல அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. கவலப்படாதீங்கடா, பையன்கிட்ட சொல்லியிருக்கேன், செஞ்சிடுவான்னு சொல்லிக்கிட்டே இருப்பார்.”

அவனுக்கு அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்கவே கூச்சமாக இருந்தது.

பச்சை வந்தது. அவன் முதலில் இறங்கிக் கையை நீட்டினான். இருவர் எப்படியோ அந்தப் பக்கம் ஏறிவிட்டார்கள். கைத்தடிக்காரர் பாதியில் இருக்கும்போதே விளக்கு மாறியது. ஹாரன்கள் காதைத் துளைத்தன. பேருந்து ஓட்டுநர் ஒருவர் தலையை வெளியே நீட்டிக் கத்தினார்.

“மாறிடுச்சேப்பா,” என்றார் பெரியவர், மூச்சு வாங்கிக்கொண்டு.

“இருக்கட்டும் மாமா. நின்னு, மெதுவாவே வாங்க.”

அவர் நின்றார். நீட்டிய கை வலித்தது. அவன் அதைக் கீழே போடவில்லை.